இரண்டு பெட்டி, நடுவில் ஒரு சந்தி: மீகடத்திச் சுற்றுகளில் விசித்திரக் குவாண்டம் நிலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். 2025 ஒக்டோபரில் நோபல் பரிசு மின்சுற்றுக்காரர்களுக்குப் போனதிலிருந்து, வகுப்பு முடிந்த பிறகும் வாசலில் நின்று கேள்வி கேட்கிறார்கள். பிள்ளைகள் மட்டுமில்லை, கூட்டிப்போக வரும் தாய் தகப்பன்மாரும்தான். ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை முடிந்தவரை கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

சேர், அந்தப் பரிசு சரியாக எதற்குக் கிடைத்தது?

ஜோன் கிளார்க், மிஷேல் டெவொரே, ஜோன் மார்டினிஸ் ஆகிய மூன்று பேருக்கு, 1984, 1985 ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் அவர்கள் செய்த பரிசோதனைகளுக்காகக் கிடைத்தது. அணு, இலத்திரன் மாதிரிச் சின்னஞ்சிறு பொருட்களுக்குத்தான் குவாண்டம் விதி என்று பழகிப்போன காலம் அது. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு சில்லில், கோடிக்கணக்கான இலத்திரன்கள் சேர்ந்து ஓடும் மின்னோட்டம் முழுவதுமே ஒரே பொருளைப் போல நடந்துகொண்டு, ஏறிக் கடக்கச் சக்தி போதாத தடையை ஊடுருவிப் போகும் என்றும், சக்தியைக் கண்டபடி வாங்காமல் படிப்படியாகத்தான் வாங்கும் என்றும் காட்டினார்கள். கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அத்திவாரம் அதுதான்.

மின்சுற்று எப்படிக் குவாண்டமாக நடக்கும்? எங்கள் வீட்டு வயரில் அப்படி ஒன்றும் தெரியவில்லையே?

வீட்டு வயரில் தடை இருக்கிறது, சூடாகிறது, குவாண்டம் சங்கதி எல்லாம் அந்தச் சூட்டில் கரைந்துபோகிறது. பாதரசத்தைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்தபோது 4.2 கெல்வின் அளவில் அதன் தடை காணாமல் போவதைக் கமர்லிங் ஒன்ஸ் 1911 இல் கண்டார். அலுமினியம் 1.2 கெல்வினுக்குக் கீழே அப்படி ஆகும். இப்படித் தடையே இல்லாமல் போகிற பொருளைத்தான் மீகடத்தி என்கிறோம். அப்படியான உலோகத்தில் ஒரு கொள்ளளவியையும் ஒரு தூண்டியையும் செய்து இணைத்தால் ஏற்றம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும், தேய்வதே இல்லை என்று சொல்லுமளவுக்கு. அந்த ஆட்டத்தின் சக்தி ஏணிப்படி மாதிரி இருக்கும். ஒவ்வொரு படியும் ஒரு போட்டன், அதாவது அலைச் சக்தியின் ஒரு துணுக்கு.

ஆனால் அந்த ஏணியில் எல்லாப் படிகளுக்கும் ஒரே இடைவெளி. முதல் படிக்கு ஏற்றும் அதே மீடிறன் இரண்டாம் படிக்கும் ஏற்றும், மூன்றாம் படிக்கும் ஏற்றும். ஓரிடத்தில் நிறுத்த வழியில்லை. அதற்குத்தான் ஜோசப்சன் சந்தி: இரண்டு மீகடத்திகளுக்கு நடுவில் ஒன்றிரண்டு நனோமீற்றர் தடிப்பில் ஓர் ஒட்சைட்டுப் படலம். 1962 இல் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னபோது பிரையன் ஜோசப்சனுக்கு வயது 22. எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிற வயதுக்குக் கொஞ்சம் மேலே! அந்தச் சந்தியைச் சேர்த்தால் படிகளின் இடைவெளி சமமில்லாமல் போகிறது, அடியிலுள்ள இரண்டு படிகளை மட்டும் தனியாகப் பிடித்து வேலை வாங்கலாம். இந்த வகையில் இன்று அதிகம் பயன்படுவது டிரான்ஸ்மொன் என்ற சுற்று, 2007 இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது.

“விசித்திர நிலை” என்று எதைச் சொல்கிறார்கள்?

கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் அலையில் சரியாக எத்தனை போட்டன் என்று கேட்டால் பதில் இல்லை, எண்ணிக்கை ஒரு சராசரியைச் சுற்றிப் பரவி இருக்கும். அது சாதாரண நிலை. மாறாக, ஒரு பெட்டிக்குள் (நுண்ணலையை அடைத்து ஆடவைக்கும் மீகடத்திப் பெட்டி, மேலே சொன்ன கொள்ளளவி, தூண்டிச் சுற்றின் வேலையையே செய்யும்) சரியாக மூன்று போட்டன், இரண்டே முக்காலும் இல்லை மூன்றே காலும் இல்லை என்று வைத்தால் அது விசித்திரம். 2008, 2009 இல் சாந்தா பார்பராவில் மார்டினிஸ், கிளேலண்ட் குழுவினர் இப்படிப் போட்டன்களை ஒவ்வொன்றாக ஏற்றியும், பிறகு விரும்பிய கலவையில் கலந்தும் காட்டினார்கள்.

அடுத்தது பூனை நிலை. 1935 இல் ஷ்ரோடிங்கர் சொன்ன, உயிரோடும் செத்தும் ஒரே நேரத்தில் இருக்கிற பூனைக் கதை தெரியும்தானே. இங்கே பூனைக்குப் பதில் ஓர் அலை. வலப்பக்கம் உச்சத்தில் இருக்கிற ஆட்டமும், அதே நேரத்தில் இடப்பக்கம் உச்சத்தில் இருக்கிற ஆட்டமும் ஒன்றாகச் சேர்ந்த நிலை. 2013 இல் யேலில் 111 போட்டன் அளவுக்குப் பெரிய பூனையைச் செய்தார்கள். பல ஆட்டங்கள் கட்டம் கட்டமாக அடுக்கிச் சேர்ந்த, இன்னும் சிக்கலான வலைப்பின்னல் நிலைகளும் உண்டு. கொட்ஸ்மன், கிட்டாயேவ், பிரெஸ்கில் மூவரும் 2001 இல் கடதாசியில் எழுதியதை மீகடத்திச் சுற்றில் 2020 இல்தான் செய்து பார்க்க முடிந்தது.

பூனை நிலையைப் பார்க்க முடியுமா? ஏதாவது படம்?

முடியும். விக்னர் சார்பு என்று ஒரு வரைபடம் இருக்கிறது. அதைப் பெற ஒரே நிலையை ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி வைத்து, போட்டன் எண்ணிக்கை இரட்டையா ஒற்றையா என்று மட்டும் கேட்பார்கள். வரும் படத்தில் இரண்டு பக்கமும் இரண்டு உருண்டைக் குமிழ், நடுவில் சிவப்பும் நீலமுமாக நெருக்கமான கோடுகள். மருதமுனைச் சாரம் ஒன்றை விரித்து அதன் இரண்டு கரையிலும் இரண்டு பந்தை வைத்த மாதிரி என்று நான் வகுப்பில் சொல்வேன். பந்துகள் இரண்டும், வலமா இடமா என்று தெரியாமல் வைத்த சாதாரண அலைக்கும் வரும். விசித்திரம் முழுக்க அந்தக் கோடுகளில்தான், அதில் ஒரு நிறம் மறைப் பெறுமானம், சாதாரண நிகழ்தகவுக்கு மறை வராது. பந்துகளைத் தூரத் தள்ளினால் கோடுகள் இன்னும் மெலிந்து நெருங்கும். ஒரேயொரு போட்டன் கசிந்தால் போதும், இருண்ட கோடும் வெளிறிய கோடும் இடம் மாறிவிடும். அது எப்போது கசிந்தது என்று தெரியாவிட்டால் கோடுகள் எல்லாம் கலங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். பெரிய பூனை சீக்கிரம் சாகும் என்பது அதனால்தான்.

ஏன் இவ்வளவு குளிர் வேண்டும்? மீகடத்தி ஆவதற்கு 1 கெல்வின் போதாதா?

போதாது. 5 கிகாஹேர்ட்ஸ் போட்டன் ஒன்றின் சக்தியை வெப்பநிலையாக மாற்றிப் பார்த்தால் 0.24 கெல்வின். நம் ஊர் வெயிலில், ஏறக்குறைய 300 கெல்வினில், அந்தப் பெட்டியை வைத்தால் வெப்பம் மட்டுமே 1250 போட்டனை உள்ளே போட்டுவிடும். அந்தச் சந்தைக்குள் உங்கள் ஒற்றைப் போட்டனை எங்கே தேடுவது? 20 மில்லிகெல்வினுக்குக் கொண்டுபோனால் ஒரு வெப்பப் போட்டன் இருக்கும் வாய்ப்பு கணக்குப்படி ஒன்றரை இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. அண்டவெளியே 2.7 கெல்வின்தான், அதைவிட நூறு மடங்குக்கு மேல் குளிர். ஹீலியத்தின் இரண்டு சமதானிகளைக் கலந்து இயங்கும் குளிரூட்டி அதைச் செய்கிறது.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

இதைக் கேட்டவர் ஒரு தகப்பன், ஐஸ் கடை வைத்திருக்கிறார், அவர் கேட்டது நியாயமான கேள்வி. பம்பிகள் நின்றால் சூடாகத் தொடங்கிவிடும், உள்ளே வைத்திருந்த நிலைகள் எல்லாம் போய்விடும். ஆனால் அவை எப்படியும் ஒரு செக்கனுக்குக்கூட நிற்பவை இல்லையே. நட்டம் நேரத்தில்தான், முழுக்கச் சூடாகிவிட்டால் திரும்பக் குளிர்விக்க நாள் கணக்காகும்.

சரி, இரண்டு விசித்திர நிலைகளை ஒன்றோடொன்று பேசவைப்பது என்ன அவ்வளவு பெரிய காரியமா? பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதாதா?

கேள்வியிலேயே பெரிய கேள்வி இதுதான், இதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பாருங்கள். இரண்டு தோணி எதிரும் புதிருமாகப் போகும், இரண்டின் அலையும் நடுவில் சந்திக்கும். சந்திக்கிற இடத்தில் தண்ணீர் கொஞ்சம் துள்ளும். அப்புறம்? ஒன்றும் நடக்காத மாதிரி ஒவ்வோர் அலையும் தன் வழியில் போகும். சந்தித்தன, தலையீடு நடந்தது, ஆனால் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. நுண்ணலையும் அப்படித்தான். வெறும் பெட்டிக்குள் எத்தனை போட்டனைப் போட்டாலும் ஒன்று மற்றதைத் தொடாது. அது நல்லதும்கூட, ஏனென்றால் அதனால்தான் நல்ல அலுமினியப் பெட்டி ஒன்று போட்டனை மில்லிசெக்கன் அளவுக்குப் பத்திரமாக வைத்திருக்கிறது. 5 கிகாஹேர்ட்ஸில் ஒரு மில்லிசெக்கன் என்றால் ஐம்பது இலட்சம் ஆட்டம்.

இதில் இருக்கிற முரண்பாட்டைக் கவனியுங்கள். பத்திரமாக வைக்க வேண்டுமானால் யாரோடும் சேரவிடக்கூடாது. கணக்குச் செய்ய வேண்டுமானால் சேர்த்தே ஆகவேண்டும். வேண்டியபோது சேர்த்து, வேண்டாதபோது முழுக்க வெட்டிவிடத் தெரிய வேண்டும். புதிதாக ஒரு நிலையைச் செய்துவிட்டோம் என்ற செய்தி எனக்கு இப்போதெல்லாம் பெரிதாகப் படுவதில்லை. இரண்டைச் சேர்த்தார்களா, சேர்த்ததைப் பிரித்தார்களா என்றுதான் முதலில் தேடுவேன்.

அந்தச் சேர்க்கையை எப்படிச் செய்கிறார்கள்? ஊஞ்சலை வைத்துச் சொல்லுங்கள், நீங்கள் எதற்கும் ஊஞ்சல்தானே.

சரி, ஊஞ்சல். சித்திரைப் புத்தாண்டுக்குக் களுவாஞ்சிக்குடியில் அக்கா வீட்டு வளவில் இரண்டு மரத்துக்குக் குறுக்கே ஒரு வளையைக் கட்டி, அதில் ஒரே நீளக் கயிற்றில் இரண்டு ஊஞ்சல் போட்டிருந்தோம். மூத்தவன் ஒன்றில் ஆடினான். சின்னவள் மற்றதில் சும்மா குந்தியிருந்தாள், கையில் பயற்றம் பணியாரம். கொஞ்ச நேரத்தில் யாரும் தள்ளாமலே அவளுடைய ஊஞ்சல் அசையத் தொடங்கியது, அவனுடையது மெதுவாகத் தளர்ந்தது, கடைசியில் அவன் நின்றுவிட்டான், அவள் ஆடுகிறாள்! “மாமா, இவள் என்ட ஆட்டத்தக் களவெடுத்திட்டாள்” என்று அழுகை வேறு. வளை கொஞ்சம் வளைந்து கொடுத்து ஆட்டத்தைக் கடத்தியிருக்கிறது, அவ்வளவுதான். விட்டிருந்தால் திரும்ப அவனிடமே வந்திருக்கும். ஒன்றின் கயிற்றை ஒரு முழம் சுருக்கிக் கட்டினேன். மீடிறன் மாறியது, பரிவு போனது, களவும் நின்றது.

ஆய்வுகூடத்திலும் இதே விஷயம். சில சென்ரிமீற்றர் அளவில் அலுமினியத்தில் குடைந்த இரண்டு பெட்டிகளை வேண்டுமென்றே வெவ்வேறு மீடிறனில் செய்வார்கள், உதாரணமாக ஒன்று 5 சொச்சம், மற்றது 6 சொச்சம் கிகாஹேர்ட்ஸ். அதனால் சும்மா இருக்கையில் ஒன்றின் போட்டன் மற்றதற்குப் போகாது. நடுவில் இரண்டையும் தொட்டுக்கொண்டு ஒரு டிரான்ஸ்மொன், அதாவது ஜோசப்சன் சந்தி. அந்தச் சந்திக்கு வெளியிலிருந்து இரண்டு பலமான நுண்ணலைகளை அனுப்புவார்கள், அந்த இரண்டின் மீடிறன் வித்தியாசம் பெட்டிகளின் மீடிறன் வித்தியாசத்துக்குச் சரிசமமாக இருக்கும். உடனே குறைகிற சக்தியை அந்த அலைகள் ஈடுகட்டும், போட்டன் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஆடத் தொடங்கும். அலையை நிறுத்தினால் கதவு சாத்தியாயிற்று. ஊஞ்சலில் சொன்னால், நீளம் வேறான இரண்டு ஊஞ்சலுக்கு நடுவிலுள்ள வளையை, அவற்றின் மீடிறன் வித்தியாசத்துக்கு ஏற்ற தாளத்தில் இறுக்கித் தளர்த்துவது. நூலும் சாவிக்கொத்தும் வைத்து வகுப்பில் இதைச் செய்து காட்டப் போய் இரண்டு தடவை தோற்றிருக்கிறேன், யாராவது செய்தால் கூப்பிடுங்கள்.

முழுவதும் கடத்தாமல் பாதியில் நிறுத்தினால் பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் ஒளிப்பிரிப்பான் கண்ணாடி செய்கிற வேலையே இங்கும் நடக்கும். யேல் குழு 2018 இல் இதைக் காட்டியது. பின்னர் 2023 இல் டிரான்ஸ்மொன் இருந்த இடத்தில் “நத்தை” என்று பொருள்வரும் பெயர்கொண்ட வேறொரு சுற்றைப் போட்டார்கள். பெயர்தான் நத்தை, வேலை முந்தையதைவிட வேகம்.

பாதியில் நிறுத்தினால் பின்னல் வந்துவிடுமா?

பின்னல் என்றால், இரண்டு பெட்டிகளின் நிலையையும் தனித்தனியாகச் சொல்ல முடியாதபடி அவை பிணைந்துபோவது. அது வருமா என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண அலைகள் இரண்டைப் போட்டால் சாதாரண அலைகள் இரண்டுதான் வெளியே வரும், பின்னல் கிடையாது. விசித்திர நிலையைப் போட்டால்தான் வரும், அதுவும் எந்த விசித்திரம் என்பதற்கு ஏற்ப விதம் விதமாக. கணக்குச் செய்கிறவருக்கு அது தலையிடி, குறியீட்டு முறையை மாற்றும்போதெல்லாம் செயலையும் மாற்றவேண்டும்.

2019 இல் யேலில் யுவோன் காவ் முன்னின்று செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. (இப்போது சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்.) இரண்டு சோற்றுப் பார்சல் இருக்கிறது, எதில் கோழி எதில் மீன் என்று தெரியாது, திறக்கவும் கூடாது. இடம் மாற்றி வைப்பது எளிது, உள்ளே என்ன என்று தெரியத் தேவையே இல்லை. இப்போது இடம் மாற்றியதும் மாற்றாததும் இரண்டுமே ஒரே நேரத்தில் நடந்தால்? அதுதான் அவர்கள் செய்தது. பாதி ஒளிப்பிரிப்பு, பிறகு துணைக்கு வைத்த டிரான்ஸ்மொனின் நிலையைப் பார்த்து ஒரு பெட்டியின் அவத்தையைத் திருப்புவது, பிறகு ஒளிப்பிரிப்பைத் தலைகீழாகச் செய்வது. டிரான்ஸ்மொன் ஒரு நிலையில் இருந்தால் பார்சல்கள் இடம் மாறும், மற்ற நிலையில் இருந்தால் மாறாது, இரண்டும் கலந்து இருந்தால் மாறியும் மாறாமலும். எவ்வளவு கலவை என்பதை ஒரு கோணத்தால் கூட்டிக் குறைக்கலாம். கோழியோ மீனோ, எந்தக் குறியீட்டில் எழுதிய தகவலோ, அதே ஒரே செயல் பின்னலை உண்டாக்கும்.

ஒரு குறையும் உண்டு. நடுவில் நிற்கும் டிரான்ஸ்மொன் பெட்டிகளைவிட ஆயுள் குறைந்தது. அது வேலையின் நடுவில் தடுமாறினால் தடுமாற்றம் இரண்டு பெட்டிக்கும் தொற்றும். கல்யாணத் தரகர் காய்ச்சலோடு இரண்டு வீட்டுக்கும் போய்வந்த மாதிரி.

இதெல்லாம் எதற்கு? யாருக்குப் பிரயோசனம்?

இப்போதைக்கு முக்கியமாகக் குவாண்டம் கணினியின் பிழைதிருத்தத்துக்கு. பூனை நிலையில் போட்டன் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கும்படி எழுதிவைத்தால், ஒன்று கசிந்தவுடன் ஒற்றையாகிவிடும். “இரட்டையா ஒற்றையா” என்று மட்டும் கேட்டால் உள்ளே உள்ள தகவலைத் தொடாமலே பிழையைக் கண்டுபிடிக்கலாம். நூற்றுக்கணக்கான குபிட்டுகளுக்கு (குவாண்டம் கணினியின் தகவல் அலகுகளுக்கு) பதில் ஒரு பெட்டியும் ஒரு சந்தியும்: சிக்கனம்! 2016 இல் இப்படித் திருத்திய தகவல், அந்தச் சுற்றிலேயே திருத்தாமல் வைத்த எதையும்விடச் சற்று அதிக நேரம் நின்றது. 2023 இல் வலைப்பின்னல் நிலையை வைத்து யேல் குழு, திருத்தாமல் வைத்ததைவிட 2.27 மடங்கு நேரம் நிற்கவைத்தது. பிரெஞ்சு நிறுவனமான அலிஸ் அண்ட் பொப் பூனைக் குபிட்டில் ஒரு வகைப் பிழையைப் பத்துச் செக்கனுக்கு மேல் தள்ளிப்போட்டதை 2024 இல் வெளியிட்டார்கள். அமேசானும் 2025 இல் பூனைகளை வைத்து ஒரு சில்லுச் செய்தது.

போனில் வருமா?

வராது.

இங்கே இருந்துகொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யலாம்?

குளிரூட்டி வாங்க முடியாது, ஆனால் கணக்குப் போட எந்தக் குளிரூட்டியும் தேவையில்லை. உயர்தரத்தில் எளிய இசை இயக்கத்தையும் பரிவையும் பாடமாக்காமல் விளங்கிப் படியுங்கள், தாயங்களைக் கொஞ்சம் பழகுங்கள். பைதனில் கியூட்டிப் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, பழைய மடிகணினியிலும் ஓடும். இரண்டு பெட்டியில் ஆளுக்கொரு போட்டன் வைத்து ஊஞ்சலாட விட்டுப் பார்க்க ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று படி போதும், மொத்தம் ஒன்பது நிலை, கொப்பியில்கூட எழுதிவிடலாம்.

வாழைச்சேனைப் பிள்ளை ஒருத்தி போன மாதம் அதைச் செய்துவிட்டு இரவு பத்தரைக்கு அழைத்தாள். “சேர், பாதி நேரத்தில ரெண்டு பெட்டியிலயும் ஒவ்வொண்டு இருக்கிற நிகழ்தகவு பூச்சியம் எண்டு வருது, என்ட கோட் பிழையா?” பிழையில்லை மனே, 1987 இல் ஹொங், ஓவ், மண்டல் மூவரும் ஒளியில் பார்த்தது அதைத்தான் என்றேன். அந்த நேரத்தில் இரண்டு போட்டனும் சேர்ந்தே ஒரு பெட்டியில் இருக்கும், எந்தப் பெட்டி என்பது மட்டும் பாதிக்குப் பாதி. கொஞ்ச நேரம் சத்தமில்லை, விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. “ஒண்டில ரெண்டும் மத்ததில ஒண்டும் வச்சா அப்படியே இருக்கிற நிகழ்தகவு நடுவில பூச்சியம் வரல சேர், எட்டில ஒண்டு வருது. பூச்சியம் அதுக்கு முன்னமே வந்திட்டுப் போகுது.” நான் லைற்றைப் போட்டு, பேனையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எட்டில் ஒன்றுதான்.